சம்பளம் கேட்காத தம்பி

கேள்வி: எனக்கு 56 வயது. வீராம்பட்டினத்தில் பிறந்து, பிழைப்புக்குப் பாரிஸ் போய், அங்கே வைத்திருந்த இரண்டு கடைகளையும் விற்றுவிட்டு ஊரோடு வந்துவிட்டேன். சொந்தமாக ஒரு சொகுசுப் படகு வாங்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. 40 அடி நீளம், இரண்டு டீசல் இஞ்சின், ஏசி அறைகள் உள்ள யாட். வெளிநாட்டிலிருந்து புதிதாக இறக்கினால் வரியோடு ஐந்து கோடியைத் தொடும் என்கிறார்கள். கொச்சியில் 11 வருடப் பழையது ஒன்று ஒன்றேமுக்கால் கோடிக்கு இருக்கிறது. மனைவி புதியது என்கிறாள், மகன் பழையது போதும் என்கிறான். பராமரிப்பைப் பற்றிக் கவலையில்லை. பெரியப்பா மகன் இருக்கிறான், எனக்கு இளையவன், 20 வருடமாக விசைப்படகு டிரைவர். பெரியப்பாவின் ஆஸ்பத்திரிச் செலவை நான்தான் பார்த்தேன். அதனால் சம்பளமெல்லாம் கேட்க மாட்டான். ஆடித் தேருக்குள் வாங்கிவிட எண்ணம். எதை வாங்கலாம்?

– பெயர் வேண்டாம், லாஸ்பேட்டை, புதுச்சேரி

பதில்: தம்பி, நீங்கள் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அது சின்ன வேலை.

புதியது வேண்டாம். உல்லாசப் படகுகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 40 சதவீதம். அதற்கு முன்பு 28 சதவீதமும் மேலே கொஞ்சம் செஸ்ஸும் இருந்தது. இறக்குமதி வரி தனி. நாளைக்கே விற்கப் போனாலும் இந்த வரிப்பணத்தில் ஒரு பைசா உங்கள் கைக்குத் திரும்பாது. புதுப் படகின் விலை முதல் சில வருடங்களில்தான் மளமளவென்று இறங்கும். அந்த நஷ்டத்தை வேறு யாரோ பட்டு முடித்த படகை வாங்குவதே புத்திசாலித்தனம். மகன் சொல்வது சரி.

ஆனால் கொச்சிக்காரர் அனுப்பிய போட்டோவைப் பார்த்து முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். படகைக் கரையேற்றி அடிப்பாகத்தைப் பார்க்க வேண்டும். ஃபைபர் உடம்புக்குள் தண்ணீர் ஊறிக் கொப்புளம் விட்டிருக்கிறதா என்று ஈரமானி வைத்துச் சோதிப்பார்கள். இஞ்சின் எண்ணெயில் மாதிரி எடுத்து, உலோகத்தூள் கலந்திருக்கிறதா என்று லேபில் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு கடலுக்குள் கொண்டுபோய் முழு வேகத்தில் ஓட்ட வேண்டும். "11 வருஷத்தில் 300 மணி நேரம்தான் சார் ஓடியிருக்கு" என்று பெருமையடித்தால் உஷாராகுங்கள். ஒழுங்காக ஓடிய கடல் இஞ்சினைவிட, உப்புத் தண்ணீரை உள்ளே வைத்துக்கொண்டு சும்மா நின்ற இஞ்சின் சீக்கிரம் கெடும். இந்தச் சோதனைகளைச் செய்யும் படகு சர்வேயருக்கு நீங்களே காசு கொடுங்கள். விற்கிறவர் கைகாட்டும் ஆள் வேண்டாம்.

செலவுக் கணக்கிலும் ஏமாந்துவிடாதீர்கள். வருடச் செலவு படகு விலையில் பத்தில் ஒரு பங்கு என்று இந்தத் தொழிலில் ஒரு பேச்சு உண்டு. ஒன்றேமுக்காலுக்கு வாங்கினால் பதினேழரை லட்சத்தில் முடிந்துவிடும் என்று நினைப்பீர்கள். முடியாது. இஞ்சினும் ஜெனரேட்டரும் ஏசியும் ஐந்து கோடிப் படகின் சாமான்கள். நீங்கள் மலிவாக வாங்கினீர்கள் என்பதற்காக உதிரிப் பாகம் விற்கிறவன் விலை குறைக்க மாட்டான். அந்த இரண்டு இஞ்சின்களும் வேகமாக ஓடும்போது மணிக்கு நூறு லிட்டர் டீசல் குடிக்கும்.

உங்கள் கேள்வி இதோடு முடிந்தது. இனி என் கேள்விகள்.

"சம்பளமெல்லாம் கேட்க மாட்டான்" என்று எழுதியிருக்கிறீர்களே, அவரிடம் பேசினீர்களா? கடிதத்தை மூன்று முறை படித்தேன், பேசியதற்கு அடையாளமே இல்லை. படகு என்ன விலை, எத்தனை அடி, யாருக்கு எது பிடிக்கும், எல்லாம் வருகிறது. அவர் ஒப்புக்கொண்டார் என்று ஒரு வார்த்தை இல்லை. மனைவியைக் கேட்டீர்கள், மகனைக் கேட்டீர்கள், முன்பின் தெரியாத என்னைக் கூடக் கேட்டுவிட்டீர்கள். உழைக்கப் போகிறவரை மட்டும் கேட்கவில்லை.

அவர் என்ன வேலை செய்ய வேண்டியிருக்கும் என்றாவது தெரியுமா? வாரம் தவறாமல் போய் இஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிட வேண்டும். பேட்டரியைப் பார்க்க வேண்டும். நல்ல தண்ணீரால் உப்பைக் கழுவ வேண்டும். அடியில் ஒட்டும் சிப்பியை முங்கிச் சுரண்ட வேண்டும். இஞ்சினைக் குளிரவைக்கக் கடல் தண்ணீரை உறிஞ்சும் பம்புக்குள் இம்பெல்லர் என்று ஒன்று இருக்கும். உள்ளங்கைக்குள் அடங்கும் கறுப்பு ரப்பர் சக்கரம், சுற்றிலும் பூவிதழ் மாதிரி தகடுகள். மழைக்குப் பிறகு தேங்காய்த்திட்டுத் துறைமுகப் பக்கம் மிதந்து வரும் பிளாஸ்டிக் பைகளில் ஒன்று உறிஞ்சு வாயை அடைத்தால் போதும், கொஞ்ச நேரத்தில் இதழ்கள் கிழிந்து துண்டு துண்டாகக் குழாய்க்குள் போய்விடும். உடனே கவனிக்காவிட்டால் இஞ்சின் காய்ந்து செலவு லட்சத்தில் போய் நிற்கும். கவனிக்கிறவர் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, கையெல்லாம் எண்ணெயோடு, அந்த ரப்பர்த் துண்டுகளை ஒன்றுவிடாமல் எண்ணி எடுக்க வேண்டும். ஒரு துண்டு குறைந்தாலும் மறுபடி அடைக்கும். நீங்கள் மேலே ஏசியில் விருந்தாளிகளோடு இருப்பீர்கள்.

நம் ஊரில் யாட் நிறுத்த மெரினா என்கிற படகுத்துறையும் கிடையாது. கொச்சியில் போல்காட்டியில் இருக்கிறது, அதனால்தான் அந்தப் படகு அங்கே நிற்கிறது. தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகம். முகத்துவாரத்தில் மணல் அடைத்துக்கொள்கிறது, தூர் வாருங்கள் என்று மீனவர்களே அதற்குப் போராட வேண்டியிருக்கிறது. சுற்றுலாப் படகு மிதக்கிறதே என்று சுண்ணாம்பாற்றை நம்பி 40 அடிப் படகைக் கொண்டுவராதீர்கள்.

இதையெல்லாம்கூட விடுங்கள். ஐப்பசி, கார்த்திகை வந்தால் என்ன செய்வீர்கள்? 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் ‘தானே’ புயல் கரையேறியபோது நீங்கள் பாரிஸில் இருந்திருப்பீர்கள். உங்கள் தம்பி இங்கே இருந்தார். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் நம் தலைமேலேயே வந்து, ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்தது. துறைமுகத்தில் கூண்டு ஏற்றிய பிறகு ஒன்றேமுக்கால் கோடிப் படகுக்கு யார் போய் இரட்டைக் கயிறு கட்டுவது? நீங்கள் லாஸ்பேட்டையிலிருந்து போன் செய்வீர்கள். அவர் மாட்டேன் என்று சொல்ல முடியாது, ஏனென்றால் ஆஸ்பத்திரிச் செலவை நீங்கள்தான் பார்த்தீர்கள். அந்த ராத்திரியில் இரண்டு படகுகளுக்கு நடுவே அவர் கை நசுங்கினால், சம்பளப் பட்டியலிலேயே இல்லாத ஆளுக்கு எந்த இன்சூரன்ஸ் கொடுக்கும்?

அந்த ஆஸ்பத்திரிச் செலவைப் பற்றி நான் கடுமையாகத்தான் சொல்லப் போகிறேன். பெரியப்பா என்பவர் யார்? அப்பாவுக்கு மூத்தவர். அப்பா இல்லாத இடத்தில் அப்பா. நீங்கள் விமானம் ஏறிய பிறகு ஊரில் நல்லது கெட்டதுக்கு நின்றது அந்தக் குடும்பம்தானே? அவருக்கு வைத்தியம் பார்த்தது கடமை. கடமையைச் செய்துவிட்டு மகனிடம் உழைப்பாக வசூல் பண்ண நினைப்பதற்கு எங்கள் பக்கத்தில் வட்டிக்கடை என்று பெயர். வட்டிக்கடையிலாவது கணக்கு என்றைக்கோ ஒரு நாள் தீரும். படகு உள்ளவரை நீளுகிற இந்தக் கணக்கை யார் தீர்ப்பது?

அவர் பிழைப்பும் உங்களுக்குத் தெரியாததல்ல. விசைப்படகில் மாதச் சம்பளம் கிடையாது, பங்குதான். டீசலும் ஐஸும் போக மிஞ்சுவதில் பங்கு. உங்கள் படகைக் கழுவப் போன நாளில் அவருக்குப் பங்கு இல்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், 61 நாள். "அப்போது சும்மாதானே இருக்கிறான்" என்று உங்களுக்குத் தோன்றும். அந்த 61 நாளும் அவர்கள் வீட்டில் கடன் வாங்கித்தான் உலை வைப்பார்கள். சும்மா இருக்கிற நாள் அல்ல அது.

சொந்தக்காரரிடம் வேலை வாங்கினால் வெளியாளுக்குக் கொடுப்பதைவிட ஒரு பிடி கூடக் கொடுக்க வேண்டும், முதல் தேதியில் கொடுக்க வேண்டும் என்பது என் கட்சி. வெளியாளுக்குப் பிடிக்காவிட்டால் நின்றுகொள்வான். உறவுக்காரர் நிற்கவும் முடியாது, வாய்திறந்து கேட்கவும் முடியாது. கேட்க மாட்டார் என்று தெரிந்துகொண்டே கொடுக்காமல் இருப்பதை நான் கஞ்சத்தனம் என்று சொல்ல மாட்டேன். அதைவிட மோசமானது.

ஆகவே, சர்வேயரைக் கூப்பிடுவதற்கு முன் தம்பி வீட்டுக்குப் போங்கள். "வந்து பார்த்துவிட்டுப் போ" என்று லாஸ்பேட்டைக்கு வரவழைக்காதீர்கள். அவர் மனைவியும் கூட இருக்கட்டும், வீட்டு வரவு செலவு அவருக்குத்தான் தெரியும். மாதம் இவ்வளவு, பேங்கில் போடுவேன், விபத்துக் காப்பீடு உண்டு, கூண்டு ஏற்றினால் படகைவிட ஆள்தான் முக்கியம் என்று எழுதிக் கொடுங்கள். முடிந்தால் கொச்சிக்கும் அவரைக் கூட்டிப் போங்கள். இஞ்சின் சத்தத்தை வைத்தே சர்வேயர் பார்க்காததைக் கண்டுபிடித்துச் சொல்வார். அந்தப் பயணத்துக்கும் நாள் கூலி கொடுங்கள். இந்தச் சம்பளத்தையும் சேர்த்துக் கணக்குப் பார்த்து, கட்டுப்படியாகவில்லை என்றால் புதியதும் வேண்டாம், பழையதும் வேண்டாம். ஆடித் தேர் படகில்லாமலும் ஓடும்.

அவர் மாட்டேன் என்றால் வற்புறுத்தாதீர்கள், ஆஸ்பத்திரிப் பேச்சை எடுக்கவே எடுக்காதீர்கள். படகை வாங்கிக் கொச்சியிலேயே நிறுத்துங்கள். அங்கே நிறுத்துவதற்கு, கழுவுவதற்கு, கயிறு கட்டுவதற்கு என்று எல்லாவற்றுக்கும் மாதாமாதம் பில் வரும். அந்த பில்லை மட்டும் மறுபேச்சில்லாமல் கட்டுவீர்கள், எனக்குத் தெரியும்.