வந்தான் என்றா, வந்ததிலா?

அன்புள்ள ஐயா,

ஆங்கிலச் சிறுகதைகளை இரண்டாண்டுகளாகத் தமிழாக்கிப் பழகி வருகிறேன். ஒரு கதையில் இப்படி ஒரு வாக்கியம் வந்தது: ‘ஷி வாஸ் ஹேப்பி தட் ஹர் சன் ஹேட் ரிட்டர்ன்ட், பட் நாட் ஷ்யூர் தட் ஹி வுட் ஸ்டே.’ நான் அதை, ‘மகன் திரும்பி வந்தான் என்று அவள் மகிழ்ச்சியாக இருந்தாள், ஆனால் அவன் தங்குவான் என்று அவள் உறுதியாக இல்லை’ என்று எழுதினேன். படித்துப் பார்த்த நண்பர், இது தமிழாக இல்லை என்றார். பிழை எங்கே என்று அவருக்கும் சொல்லத் தெரியவில்லை. ‘தட்’ என்றால் ‘என்று’ என்றுதானே பள்ளியில் படித்தோம்? மகிழ்ச்சி, வருத்தம், நிச்சயம் ஆகியவற்றைச் சொல்லும் பெயரடைகளுக்குப் பின்னால் வரும் ‘தட்’ வேறு வகையா? ‘ஷ்யூர் ஆஃப்’, ‘ப்ரௌட் ஆஃப்’ என்றெல்லாம் வரும் ‘ஆஃப்’, ‘தட்’ வந்தவுடன் எங்கே போய்விடுகிறது என்பதும் விளங்கவில்லை.

அன்புடன்,
மொழிபெயர்ப்பு பயிலும் ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் நண்பரின் காது சரியாகவே கேட்டிருக்கிறது. நீங்கள் எடுத்துக்காட்டிய வாக்கியமும் அருமையானது, ஏனென்றால் அதில் இரண்டு ‘தட்’ இருக்கின்றன, இரண்டும் உருவத்தில் ஒன்று, வேலையில் வேறு. ஆங்கிலம் அந்த வேறுபாட்டைச் சொல்லில் காட்டுவதில்லை, தமிழ் காட்டுகிறது. நீங்கள் இரண்டுக்கும் ‘என்று’ போட்டதால், தமிழ் பிரித்துச் சொல்ல வேண்டியதை ஆங்கிலத்தைப் போல ஒன்றாக்கிவிட்டீர்கள்.

முதலில் ஒரு சோதனை செய்து பார்ப்போம். ‘மகன் வந்துவிட்டான் என்று மகிழ்ந்தாள், கதவைத் திறந்தால் தபால்காரர் நின்றார்’ என்று எழுதலாம், தமிழில் எந்த இடறலும் இல்லை. ‘மகன் வந்ததில் மகிழ்ந்தாள், கதவைத் திறந்தால் தபால்காரர் நின்றார்’ என்று எழுதிப் பாருங்கள். வாக்கியம் தன்னைத்தானே மறுக்கிறது. ‘என்று’ என்னும் சொல் ‘என்’ என்ற வினையிலிருந்து, அதாவது ‘சொல்லி’ என்ற பொருளிலிருந்து வந்தது. ஆகவே அதற்கு முன்னால் இருப்பது ஒருவர் சொன்னதோ நினைத்ததோதான், அது மெய்யாக நடந்ததா என்பதற்கு அந்தச் சொல் பொறுப்பேற்பதில்லை. ‘வந்ததில்’ என்பதோ நடந்து முடிந்த ஒரு செயலைக் கையில் எடுத்து அதற்கு வேற்றுமை உருபு சேர்க்கிறது. இப்போது ஆங்கிலத்துக்குத் திரும்புங்கள். ‘ஹேப்பி தட்’ என்று எழுதிய ஆசிரியர், மகன் வந்தான் என்பதைச் செய்தியாகச் சொல்லவில்லை. அதை உண்மையென்று வைத்துக்கொண்டு, அதன்மீது அவளுடைய மனநிலையைச் சொல்கிறார். எனவே அதற்குப் பக்கத்தில் நிற்கும் தமிழ் ‘வந்ததில்’ என்பதே.

இதை மொழியியலாளர்கள் நன்றாகவே ஆராய்ந்திருக்கிறார்கள். பால் கிப்பார்ஸ்கி, கரோல் கிப்பார்ஸ்கி இருவரும் 1970இல் வெளியான ‘ஃபேக்ட்’ என்ற கட்டுரையில், தன்னைத் தொடரும் கூற்றை உண்மையென முன்கூட்டியே ஏற்றுக்கொள்ளும் பயனிலைகளையும், அப்படி ஏற்காதவற்றையும் பிரித்துக் காட்டினார்கள். பிரித்தறிய எதிர்மறையாக்கிப் பார்க்கலாம். ‘ஷி இஸ் நாட் க்ளேட் தட் ஹி கேம்’ என்று மறுத்தாலும் அவன் வந்தது வந்ததுதான். அவளுக்கு மகிழ்ச்சி இல்லை, அவ்வளவே. ‘ஷி இஸ் ஷ்யூர் தட் ஹி கேம்’ என்பதில், மறுக்காதபோதே அவன் வந்தானா இல்லையா என்பது நமக்குத் தெரியாது. அவள் அப்படி உறுதியாக நம்புகிறாள் என்பது மட்டுமே தெரியும். ‘க்ளேட்’, ‘சாரி’, ‘ப்ரௌட்’, ‘சர்ப்ரைஸ்ட்’ போன்ற உணர்வுச் சொற்கள் பெரும்பாலும் முதல் வகை. ‘ஷ்யூர்’, ‘சர்ட்டன்’, ‘கான்ஃபிடன்ட்’ ஆகியவை இரண்டாவது வகை. தமிழில் முதல் வகைக்கு ‘வந்ததில் மகிழ்ச்சி’, ‘தவறியதற்கு வருந்துகிறேன்’, ‘வென்றதை எண்ணிப் பெருமை’ என உருபுகள் மாறிமாறி வருகின்றன. இரண்டாவது வகைக்கு ‘வருவான் என்று உறுதியாக நம்புகிறேன்’, ‘வருவான் என்பதில் ஐயமில்லை’ என ‘என்’ அடிச்சொல் தவறாமல் வருகிறது.

அறிவைக் குறிக்கும் சொல்லெல்லாம் இரண்டாம் வகை என்று கொண்டுவிடாதீர்கள். ‘அவேர்’ அறிவைத்தான் சொல்கிறது, ஆனால் இல்லாத ஒன்றை அறிந்திருக்க முடியாதாகையால் அது முதல் வகையில் சேர்கிறது. மறுபுறம் ‘அஃப்ரெய்ட்’ உணர்வைச் சொன்னாலும் பெரும்பாலும் இன்னும் நடக்காததையே பார்க்கிறது. தமிழ் அங்கே எவ்வளவு நுட்பமாக நடந்துகொள்கிறது பாருங்கள்: ‘வந்துவிடுவானோ என்று பயம்’. அந்த ஒற்றை ‘ஓ’ ஐயத்தைச் சொல்கிறது, ‘என்று’ அந்த ஐயத்தை மனத்துக்குள் வைக்கிறது. இதைக் கவனிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு இந்த மொழியின் மீது அன்பு கூடுகிறது.

‘அஃப்ரெய்ட்’ பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் மொழிபெயர்ப்பில் அதிகம் கெடுவது அதுதான். தொடக்க காலத்தில் நான் மொழிபெயர்த்த ஒரு கதையில், நோயாளியின் மனைவியிடம் மருத்துவர், ‘ஐ ஆம் அஃப்ரெய்ட் தட் த நியூஸ் இஸ் நாட் குட்’ என்கிறார். ‘செய்தி நன்றாக இல்லை என்று அஞ்சுகிறேன்’ என்று எழுதினேன், அச்சிலும் அப்படியே வந்தது. பல ஆண்டுகள் கழித்து அந்தப் பக்கத்தைத் திரும்பப் படித்தபோது மனம் மிகவும் வருந்தியது. அந்த மருத்துவர் எதற்கும் அஞ்சவில்லை. சோதனை முடிவு அவர் கையில் இருக்கிறது, செய்தி என்னவென்று அவருக்குத் தெரியும். அதைச் சொல்ல நேர்ந்ததற்காக வருந்துகிறார், கேட்பவருக்கு அடி மெல்ல விழட்டும் என்று அந்தச் சொல்லை முன்னால் வைக்கிறார். ‘வருத்தத்தோடுதான் சொல்கிறேன் அம்மா, செய்தி நன்றாக இல்லை’ என்று இன்று எழுதுவேன். அங்கே ‘தட்’டுக்கு ஈடாக எதுவுமே தேவையில்லை.

‘ஆஃப்’ எங்கே போகிறது என்று கேட்டீர்கள். ஆங்கிலத்தில் முன்னிடைச்சொல் பெயரை எதிர்பார்க்கிறது. ‘தட்’ கொண்டு தொடங்கும் துணைவாக்கியத்தை அது பெரும்பாலும் ஏற்பதில்லை. ஆகவே ‘ப்ரௌட் ஆஃப் ஹர் சன்’ என்பது ‘ப்ரௌட் தட் ஹர் சன் வன்’ என்று ஆகும்போது ‘ஆஃப்’ உதிர்ந்துவிடுகிறது. விடாமல் வைத்துக்கொள்ள வேண்டுமானால் ‘ஆஃப் த ஃபேக்ட் தட்’ என்று நடுவில் ஒரு பெயரை நிறுத்த வேண்டும். நமக்கு இது பிடிபடாததற்குக் காரணம், ‘என்பது’ என்று முடித்து முழு வாக்கியத்தையும் பெயராக்கி, ‘என்பதில்’, ‘என்பதற்கு’, ‘என்பதால்’ என்று எந்த உருபையும் தமிழில் ஒட்டிவிடலாம் என்பதுதான். அந்தப் பழக்கத்தில்தான் ‘ஷ்யூர் ஆஃப் தட் ஹி வில் கம்’ என்ற பிழை பிறக்கிறது. பேச்சில் ‘தட்’டே கூட விடுபடும், ‘ஐ ஆம் ஷ்யூர் ஹி வில் கம்’ என்பார்கள். முறையான எழுத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சேர்த்துக்கொள்கிறேன், உறுதி யாருடையது என்ற கேள்வி. ‘ஹி இஸ் ஷ்யூர் தட் ஹி வில் வின்’ என்றால் நம்பிக்கை அவனுடையது. ‘ஹி இஸ் ஷ்யூர் டு வின்’ என்றால் நம்பிக்கை சொல்பவருடையது. அவனே தோற்றுவிடுவோமோ என்று நடுங்கிக்கொண்டிருக்கலாம். முன்னதற்கு ‘வெற்றி தனக்கே என்று அவன் உறுதியாக நம்புகிறான்’ என்றும், பின்னதற்கு ‘அவன் வெல்வது உறுதி’ என்றும் எழுத வேண்டும். இதை மாற்றி எழுதினால் கதாபாத்திரத்தின் குணமே மாறிவிடும். யாருடைய நம்பிக்கை என்று சொல்லாமல் பொதுவாகச் சொல்ல ஆங்கிலம் ‘இட் இஸ் சர்ட்டன் தட்’ என்கிறது. ‘சர்ட்டன்’ அங்கே பொருந்தும், ‘ஷ்யூர்’ பொருந்தாது. நம்முடைய ‘நிச்சயம்’ இரண்டு இடத்திலும் பொருந்துவதால், ‘இட் இஸ் ஷ்யூர் தட்’ என்று தவறாக எழுதிவிடுகிறோம்.

இனி உங்கள் வாக்கியம். ‘நாட் ஷ்யூர் தட்’ என்பதில் ‘நாட்’ வந்தவுடன் உறுதி ஐயமாகிறது, ஐயத்தைத் தமிழ் கேள்வியாகத்தான் சொல்லும். தமிழில் உறுதி அந்தத் தாயின் குணமும் அன்று. ‘அவள் உறுதியாக இல்லை’ என்றால் அவள் மனம் தளர்ந்தவள் என்ற பொருள் வந்துவிடுகிறது. நான் எழுதினால் இப்படி எழுதுவேன்: ‘மகன் திரும்பி வந்ததில் அவளுக்கு மகிழ்ச்சிதான், தங்குவானா என்பதுதான் தெரியவில்லை.’

அன்புடன்