உக்ரைனுக்கு ஆயுதம்: அமெரிக்கர்கள் என்ன நினைக்கிறார்கள்?

கேள்வி: உக்ரைனுக்கு ராணுவ உதவி தருவதை அமெரிக்க மக்கள் ஆதரிக்கிறார்களா? கருத்துக்கணிப்புகள் ஆளுக்கொன்று சொல்கின்றனவே!

பதில்: கேட்கிற விதம் அப்படி. ‘ரஷ்யாவைத் தடுக்க உதவலாமா?’ என்றால் தலையாட்டுகிறவர், ‘உங்கள் வரிப்பணத்திலிருந்து இன்னும் கொடுக்கலாமா?’ என்றால் முகம் சுளிப்பார். நான் மொத்த சதவீதத்தைப் பார்ப்பதே இல்லை, கட்சிவாரிக் கணக்கைத்தான் பார்ப்பேன். 2022-ல் இரு கட்சியிலும் நல்ல ஆதரவு. அப்புறம் குடியரசுக் கட்சியினரிடம் அது சரிந்தது. 2024 ஏப்ரலில் சுமார் 6,100 கோடி டாலர் உதவி மசோதா அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவையில் 311-112 என நிறைவேறியது. எதிர்த்த 112 பேருமே குடியரசுக் கட்சிக்காரர்கள். அந்த உதவிப் பணத்தில் பெரும்பங்கு அமெரிக்க ஆயுத ஆலைகளுக்கே போனது என்பதையும் சொல்லிவிட்டுக் கேட்டால் பதில் மாறுமோ என்னவோ! இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா இறங்கும் முன், 1941-லும் இதே மனநிலைதான்: பிரிட்டனுக்கு ஆயுதம் தரலாம், சரி, நம் பையன்கள் மட்டும் போருக்குப் போகக் கூடாது.