மாத்திரை நேரம் சொல்லும் செயலி: எந்த மொழியில், எந்த நேரத்தில்?

கேள்வி: சௌகார்பேட்டை, திருவல்லிக்கேணி, ராயபுரம் பகுதிகளில் முதியோரை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளும் சேவை நடத்துகிறோம். தமிழ், தெலுங்கு, உருது, மார்வாடி பேசும் குடும்பங்கள். உதவியாளர்களில் பலர் ஒடிசாக்காரர்கள். மாத்திரை நேரம் சொல்லும் செயலி ஒன்றை, அவர்களையும் கூட வைத்துக்கொண்டு எப்படி உருவாக்குவது?

பதில்: 'மொழியைத் தேர்ந்தெடுங்கள்' என்ற ஒரே கேள்வியை இரண்டாக்குங்கள்: காதால் கேட்க எந்த மொழி, படிக்க எந்த எழுத்து? வீட்டில் தெலுங்கு பேசினாலும் தமிழ் எழுத்து மட்டுமே படிக்கத் தெரிந்தவர்கள் சென்னையில் நிறைய. மார்வாடிப் பாட்டிக்கு இந்தி எழுத்து பழகியிருக்கும். உருதுவில் எழுத்தோடு பொத்தான் வரிசையும் வலமிருந்து இடமாகத் திரும்ப வேண்டும்.

அதிகம் சறுக்குவது நேரத்தில்தான். 'இரவுச் சாப்பாட்டுக்குப் பின், 9 மணி' என்பது, பொழுது சாயுமுன் சாப்பிட்டு முடிக்கும் ஜைன வீட்டுக்குப் பொருந்தாது. சிலர் அதன்பின் தண்ணீரும் குடிப்பதில்லை. ரம்ஜான் மாதத்தில் சாப்பாடு விடியலுக்கு முந்தைய ஸஹருக்கும், பொழுது சாய்ந்ததும் நோன்பு திறக்கும் இஃப்தாருக்கும் போய்விடும். கிளிமிப்பிரைடு போன்ற சர்க்கரை நோய் மாத்திரையைப் போட்டுவிட்டுப் பட்டினி கிடந்தால் ரத்தச் சர்க்கரை 70க்குக் கீழே, ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடலாம். 'இன்று விரதம்' என்று ஒரு பொத்தான் வையுங்கள். அதை அழுத்தினால், மருத்துவர் முன்பே எழுதித் தந்த விரத நாள் அட்டவணை வர வேண்டும். அது இல்லையென்றால் நர்ஸுக்கு உடனே தகவல் போக வேண்டும். செயலி தானாக எந்த மாத்திரையையும் தள்ளிப்போடக் கூடாது.

ஹாலில் கூட்டம் போட்டுக் கருத்துக் கேட்பது வீண். முதலில் ஆறு வீடுகள் போதும். மாத்திரை போடும் நேரத்துக்குப் போங்கள். பெரியவர், மகனோ மருமகளோ, உதவியாளர் என மூவரிடமும் தனித்தனியே பேசுங்கள். மகன் எதிரே பெரியவர் "எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்பார். வீட்டார் எதிரே உதவியாளர் தவறவிட்ட வேளையைச் சொல்லமாட்டார். அந்த நேரத்துக்கு உதவியாளருக்குக் கூலியும் கொடுங்கள். போன் அளவில் அட்டை வெட்டி, திரையைப் பென்சிலால் வரைந்து, அவர்களுடைய மாத்திரை அட்டைகளையே பக்கத்தில் வையுங்கள். "புரிஞ்சுதா?" என்றால் எல்லாரும் தலையாட்டுவார்கள். "இப்ப என்ன செய்வீங்க, செஞ்சு காட்டுங்க" என்று கேளுங்கள்.

'மருந்தை உட்கொள்ளவும்' என்ற குரல் யாருக்கு? "பிரஷர் மாத்திரை போட்டுக்கோங்க" போதும்; ஒவ்வொரு மொழியையும் அதை வீட்டில் பேசுபவரே பதியட்டும். வயதானால் கீச்சென்ற ஒலி முதலில் கேட்காமல் போகும், ஆகவே பீப் வேண்டாம். கை நடுங்கினால் 'போட்டாச்சு' இரண்டு முறை பதிவாகும். அரை நொடிக்குள் வரும் இரண்டாவது தொடுதலைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

கடைக்காரர் வேறு கம்பெனி மாத்திரை தந்தால் நிறமும் வடிவமும் மாறிவிடும். ஒவ்வொரு முறை வாங்கும்போதும் மாத்திரை அட்டையைப் புதிதாகப் படமெடுத்துச் செயலியில் சேர்க்க வையுங்கள்.