பிளாக் எழுதிச் சம்பாதிக்கலாமா? இளைஞர்களின் கேள்விகளும் என் பதில்களும்

பிளாக் மூலம் வருமானம் பார்க்க நினைக்கும் இளைஞர்களிடம் கேள்விகளை அனுப்பச் சொல்லியிருந்தேன். பல வருடங்களாக இதையே தொழிலாகச் செய்து வருவதால் எனக்குத் தெரிந்தவரை பதில் சொல்கிறேன். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: அக்கா, பிளாக் எழுதி உண்மையிலேயே சம்பாதிக்க முடியுமா? எத்தனை மாதத்தில் பணம் வரும்?

முடியும். ஆனால் முதல் வருடத்தில் வருமானம் எதுவும் வராது என்று வைத்துக்கொண்டு தொடங்குங்கள். கூகுள் புதிய தளத்தைக் கண்டுகொள்ளவே மாதக்கணக்கில் ஆகும். வாசகர்கள் உங்களை நம்பி மறுபடி வருவதற்கு இன்னும் கொஞ்ச காலம் வேண்டும்.

பாட் ஃப்ளின் என்ற அமெரிக்கரின் கதை இந்தத் துறையில் பலருக்கும் தெரியும். கட்டடக்கலை நிறுவனத்தில் வேலை பார்த்த அவர், பசுமைக் கட்டடங்கள் தொடர்பான ஒரு தேர்வுக்குப் படித்தபோது எழுதிய குறிப்புகளை ஒரு பிளாக்கில் போட்டு வைத்திருந்தார். 2008இல் வேலை போனபோது, அந்தத் தேர்வை எழுதும் ஏராளமானோர் அவருடைய பிளாக்கைப் படித்துக்கொண்டிருப்பது தெரிந்தது. குறிப்புகளை மின்னூலாகத் தொகுத்து விற்றார், நல்ல வருமானம் வந்தது. எது முதலில் நடந்தது என்று கவனியுங்கள். யாருக்கோ தேவைப்பட்ட ஒரு விஷயத்தை அவர் ஒழுங்காக எழுதி வைத்திருந்தார். விற்பனை அதற்குப் பிறகுதான்.

கேள்வி: எனக்கு 17 வயது. ஆட்சென்ஸ் கிடைக்குமா?

உங்கள் பெயரில் கிடைக்காது. ஆட்சென்ஸ் என்பது நம் பிளாக்கில் விளம்பரங்களைக் காட்டி அதற்குப் பணம் தரும் கூகுள் திட்டம். அதில் கணக்குத் தொடங்க 18 வயது ஆகியிருக்க வேண்டும். அதுவரை அப்பா, அம்மா அல்லது காப்பாளரின் கூகுள் கணக்கில் விண்ணப்பிக்கலாம். பணமும் அவர்கள் பெயருக்கே போகும் என்பதால் முதலிலேயே வீட்டில் பேசிவிடுங்கள். பிறந்த வருடத்தை மாற்றிப் போட்டுக் கணக்குத் தொடங்காதீர்கள். அடையாளச் சரிபார்ப்பு வரும்போது மாட்டிக்கொள்வீர்கள், அதுவரை சேர்ந்த பணமும் கைக்கு வராமல் போகலாம்.

இன்னொன்று. டாலர் கணக்கில் 10 டாலர் சேர்ந்ததும் முகவரியைச் சரிபார்க்க ஒரு பின் எண்ணைத் தபாலில் அனுப்புவார்கள். 100 டாலர் சேர்ந்த பிறகுதான் பணம் அனுப்புவார்கள். அதனால் முகவரியைச் சரியாகக் கொடுங்கள்.

கேள்வி: பிளாக்கரா, வேர்ட்பிரஸ்ஸா? இலவசமாகவே ஆரம்பிக்கலாமா?

கையில் பணம் இல்லையென்றால் கூகுளின் இலவச பிளாக் தளமான பிளாக்கரில் ஆரம்பியுங்கள், தவறே இல்லை. 1999இல் வந்தது, 2003இல் கூகுள் வாங்கியது, இன்றும் இயங்குகிறது. பிளாக் நடத்த உதவும் மென்பொருளான வேர்ட்பிரஸ் 2003இல் வந்தது. அந்த மென்பொருள் இலவசம்தான், ஆனால் ஹோஸ்டிங்குக்கு, அதாவது தளத்தை இணையத்தில் வைத்திருக்கும் இடத்துக்கு, வருடா வருடம் பணம் கட்ட வேண்டும். தளத்தை நம் விருப்பப்படி மாற்றிக்கொள்ளும் வசதி அதில் அதிகம்.

எதை எடுத்தாலும், முதலில் சொந்த டொமைன் பெயர் (தளத்தின் இணைய முகவரி) ஒன்றை வாங்குங்கள். பிளாக்கரிலும் அதை இணைத்துக்கொள்ளலாம். நாளைக்கு ஹோஸ்டிங் மாறினாலும், முகவரி உங்களுடையதாக இருந்தால் வாசகர்கள் உங்களைத் தேடி வந்துவிடுவார்கள். ஜியோசிட்டீஸ் ஒரு காலத்தில் லட்சக்கணக்கானோர் தங்கள் பக்கங்களை வைத்திருந்த இடம். 2009இல் யாஹூ அதை மூடியபோது அந்த முகவரிகள் எல்லாமே செத்துப்போயின.

டொமைனை உங்கள் பெயரிலும் உங்கள் மின்னஞ்சலிலும் பதிவு செய்யுங்கள். தளம் வடிவமைத்துக் கொடுக்கும் நண்பர் தன் பெயரில் வாங்கி வைத்துக்கொண்டு, தளம் வளர்ந்த பிறகு இருவரும் சண்டை போடுவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: எந்தத் தலைப்பில் எழுதினால் பணம் வரும்? எனக்குத் தொழில்நுட்பம், பயணம், சினிமா எல்லாம் பிடிக்கும். கலந்து எழுதலாமா?

கலந்து எழுதினால் உங்களை நேரில் தெரிந்தவர்கள் மட்டும்தான் படிப்பார்கள். தேடுபொறி வழியாக வருபவருக்கு உங்களைத் தெரியாது. அவருக்கு ஒரு கேள்வி இருக்கிறது. அதற்குப் பதில் கிடைத்தால், பக்கத்தில் அதே மாதிரி இன்னும் நாலு பதில்கள் இருக்கின்றனவா என்று பார்ப்பார். அங்கே சினிமா விமர்சனம் இருந்தால் கிளம்பிவிடுவார்.

‘தொழில்நுட்பம்’ என்பது மிகப் பெரிய கடல். ‘பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போட்டு மாணவர்கள் பயன்படுத்துவது எப்படி’ என்பது ஒரு தலைப்பு (லினக்ஸ், விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளம்). எந்த மாடலில் வைஃபை வேலை செய்யாது, எவ்வளவு ரேம் போதும், ஆன்லைன் தேர்வு மென்பொருள் ஓடுமா என்று அதற்குள்ளேயே நூறு கேள்விகள் இருக்கின்றன. பெரிய தளங்கள் இவ்வளவு உள்ளே இறங்கி எழுதுவதில்லை. புதியவர் நுழைய முடிகிற இடம் அதுதான்.

ஒரு சோதனை சொல்கிறேன். டொமைன் வாங்குவதற்கு முன் 30 பதிவுத் தலைப்புகளை எழுதிப் பாருங்கள். ஒவ்வொன்றும் யாராவது நிஜமாகவே கேட்ட கேள்வியாக இருக்க வேண்டும். பன்னிரண்டோடு நின்றுவிட்டால் அந்தத் துறை உங்களுக்கு இன்னும் போதுமான அளவு தெரியாது என்று அர்த்தம். வேறு எடுங்கள், அல்லது படித்துவிட்டு வாருங்கள்.

‘விளம்பரக் கட்டணம் அதிகம்’ என்று யாரோ சொன்னதைக் கேட்டு மருத்துவம், முதலீடு, காப்பீடு பக்கம் போகாதீர்கள். உடல்நலம், பணம் தொடர்பான பக்கங்களில் கூகுள் மிகக் கடுமையான அளவுகோலை வைத்திருக்கிறது. அதைவிட முக்கியம், நீங்கள் தவறாக எழுதினால் ஒருவருடைய உடம்போ சேமிப்போ பாதிக்கப்படும். இந்த விஷயத்தில் எனக்குச் சமரசம் கிடையாது.

கேள்வி: விளம்பரம், அஃபிலியேட், சொந்தப் பொருள். எதில் வருமானம் அதிகம்?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். விளம்பரதாரர் கொடுக்கும் தொகையில் சுமார் 68 சதவீதம் ஆட்சென்ஸ் வழியாக நமக்கு வருகிறது. ஆயிரம் பார்வைக்கு 2 டாலர் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மாதம் பத்தாயிரம் பார்வைகள் வந்தாலும் 20 டாலர்தான். 100 டாலரைத் தொடவே ஐந்து மாதம் ஆகும். வாசகர் எந்த நாட்டில் இருக்கிறார், தலைப்பு என்ன என்பதைப் பொறுத்து இது பல மடங்கு கூடும், குறையும். ஆனாலும் சிறிய பிளாக்குக்கு விளம்பரம் மட்டும் போதாது.

அஃபிலியேட்டில், நாம் பரிந்துரைத்த பொருளை நம் லிங்க் வழியாக ஒருவர் வாங்கினால் கமிஷன் கிடைக்கும். அமேசான் 1996இலிருந்தே இதை நடத்துகிறது. சேர்ந்த 180 நாட்களுக்குள் மூன்று விற்பனையாவது நடக்காவிட்டால் கணக்கை மூடிவிடுவார்கள், அதனால் வாசகர்கள் வரத் தொடங்கிய பிறகு சேருங்கள். நீங்கள் பயன்படுத்தாத பொருளைப் பரிந்துரைக்காதீர்கள். லிங்க் மூலம் உங்களுக்குப் பணம் வரும் என்பதைப் பதிவின் மேலேயே தெளிவாக எழுதுங்கள்.

என் அனுபவத்தில் சிறிய பிளாக்குக்கு நிஜமான பணம் மூன்றாவது வழியில்தான் வருகிறது. மின்னூல், சிறிய பயிற்சி வகுப்பு, டெம்ப்ளேட், இல்லையென்றால் உங்கள் சேவை. லினக்ஸ் பற்றி எழுதுகிறவரிடம் ‘எங்கள் பயிற்சி மையத்தின் இருபது கணினிகளுக்கும் போட்டுத் தருவீர்களா’ என்று ஒருவர் கேட்டால், அந்த ஒரு வேலை பல மாத விளம்பர வருமானத்துக்குச் சமம். ‘என்னைத் தொடர்புகொள்ள’ என்ற பக்கமே இல்லாமல் எத்தனை பேர் பிளாக் நடத்துகிறார்கள் தெரியுமா! இன்றே ஒன்று சேர்த்துவிடுங்கள்.

கேள்வி: நண்பர்களை விளம்பரங்களைக் கிளிக் செய்யச் சொல்லலாமா?

வேண்டாம். கண்டுபிடித்துவிடுவார்கள், கணக்கு முடங்கும், திரும்பக் கிடைப்பது மிகவும் கடினம்.

கேள்வி: ஏஐ மூலம் ஒரே வாரத்தில் நூறு பதிவுகள் போட்டுவிட்டால் ட்ராஃபிக் (வாசகர் வருகை) வராதா?

சில நாள் வரலாம். தேடல் முடிவுகளில் இடம் பிடிப்பதற்காகவே மதிப்பில்லாத பக்கங்களைக் குவிப்பது, அதை மனிதர் செய்தாலும் இயந்திரம் செய்தாலும், விதிமீறல் என்று 2024 மார்ச்சில் கூகுள் அறிவித்தது. பல தளங்கள் தேடலிலிருந்தே காணாமல் போயின. ஏஐயைப் பயன்படுத்துவதே குற்றம் என்று கூகுள் சொல்லவில்லை. எழுத்துப்பிழை பார்க்க, தலைப்புகளை அலச நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் நீங்களே செய்து பார்த்ததும், எடுத்த படமும், அளந்த அளவும், கிடைத்த தோல்வியும் அதனிடம் இல்லை தம்பி. வாசகர் உங்களிடம் வருவது அதற்காகத்தான்.

கேள்வி: இப்போது கூகுளே மேலே பதிலைச் சொல்லிவிடுகிறது. இனி யார் பிளாக்குக்கு வருவார்கள்?

நியாயமான பயம். 2024 மே மாதத்திலிருந்து கூகுள் ஏஐ சுருக்கங்களைப் பரவலாகக் காட்டத் தொடங்கியது. ‘இதன் தலைநகரம் எது’ வகைக் கேள்விகளுக்குப் பதிவு எழுதிப் பிழைத்த தளங்களுக்கு அடி விழுந்திருக்கிறது. அந்த வகைப் பதிவுகளை விட்டுவிடுங்கள். ஒப்பிட்டுப் பார்த்தது, பயன்படுத்திச் சொன்னது, படிப்படியாகச் செய்து காட்டியது என்று இரண்டு வரியில் சுருக்க முடியாதவற்றை எழுதுங்கள்.

கூடவே முதல் நாளிலிருந்தே மின்னஞ்சல் பட்டியல் சேருங்கள். தேடுபொறி மாறினாலும், சமூக ஊடகம் உங்கள் பதிவுகளைக் காட்டாமல் விட்டாலும், அந்த வாசகர்களை நீங்கள் நேரடியாகத் தொடர்புகொள்ள முடியும். சப்ஸ்டாக் போன்ற தளங்களில் இலவசமாக நியூஸ்லெட்டர் தொடங்கலாம். கட்டணச் சந்தா வைத்தால் மட்டும் 10 சதவீதம் எடுத்துக்கொள்வார்கள். சந்தாதாரர் பட்டியலை வேறு இடத்துக்கு எடுத்துப்போகவும் முடியும். வாரம் ஒரு கடிதம் போதும், ஆனால் அந்த வாரக் கடிதம் தவறக் கூடாது.

கேள்வி: தமிழில் எழுதினால் வருமானம் வருமா?

ஆட்சென்ஸ் 2018 பிப்ரவரியிலிருந்து தமிழை ஏற்கிறது. ஆங்கிலத்தைவிட விளம்பரத் தொகை பொதுவாகக் குறைவுதான். ஆனால் நல்ல தமிழில் ஆழமாக எழுதப்பட்ட பக்கங்கள் இன்னும் பல துறைகளில் இல்லவே இல்லை. விளம்பரத்தை நம்பாமல் பயிற்சி, மின்னூல், சேவை என்று போகிறவர்களுக்குத் தமிழ் நல்ல களம். எழுதுங்கள், எனக்கு மிகவும் ஆசை.

கேள்வி: ஒரு நிறுவனம் என் பதிவில் லிங்க் வைக்கப் பணம் தருகிறது. ‘ஸ்பான்சர் என்று போடாதீர்கள்’ என்கிறார்கள்.

மறுத்துவிடுங்கள். பணம் வாங்கிய லிங்க்குகளை அடையாளப்படுத்தவே 2019இல் கூகுள் ‘ஸ்பான்சர்ட்’ என்ற குறியைக் கொண்டுவந்தது. குறியும் போட்டு, வாசகருக்கும் சொல்ல ஒப்புக்கொண்டால் வாங்கலாம். மறைக்கச் சொல்கிறவர் விலைக்குக் கேட்பது உங்கள் வாசகரின் நம்பிக்கையை.

கேள்வி: கூகுளில் கிடைக்கும் படங்களைப் போடலாமா?

கூடாது. சொந்தமாக எடுங்கள், அல்லது கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் (படத்தின் உரிமையாளரே பிறர் பயன்படுத்த அனுமதிக்கும் உரிமம்) இருப்பவற்றை நிபந்தனையைப் படித்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

கேள்வி: ஏழு மாதமாக எழுதுகிறேன் அக்கா. நாளுக்குப் பத்துப் பேர்கூட வருவதில்லை. நிறுத்திவிடலாமா?

முடிவெடுக்கும் முன் சர்ச் கன்சோலைத் திறந்து பாருங்கள். தேடலில் உங்கள் தளம் எப்படித் தோன்றுகிறது என்று காட்டும் கூகுளின் இலவசக் கருவி அது. கடந்த 16 மாதம் வரையிலான விவரம் அதில் இருக்கும். தேடலில் உங்கள் பக்கம் அடிக்கடி காட்டப்பட்டும் யாரும் கிளிக் செய்யவில்லை என்றால் முதலில் பதிவின் தலைப்பையும் முதல் பத்தியையும் திருத்துங்கள். இரண்டாம், மூன்றாம் பக்கத்தில் தோன்றும் பதிவுகள் இருந்தால் புதிய பதிவு போடுவதை ஒரு மாதம் நிறுத்திவிட்டு அவற்றை விரிவாக்குங்கள். படங்கள் சேருங்கள், தொடர்புடைய பதிவுகளை ஒன்றோடொன்று இணையுங்கள். எங்குமே காட்டப்படவில்லை என்றால், பக்கங்கள் கூகுளின் பட்டியலில் சேர்ந்திருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். சேர்ந்திருந்தும் காட்டப்படவில்லை என்றால், அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை என்று கொள்ளலாம். அப்போது எழுதும் விஷயத்தை மாற்றுங்கள், எழுதுவதை நிறுத்த வேண்டாம். நீங்கள் எழுதும் விஷயத்தையும் சர்ச் கன்சோல் அறிக்கையில் இருக்கும் முதல் இருபது தேடல் சொற்களையும் அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.