பாசிமணிப் பந்து ஏன் தொளதொளக்கிறது?

கேள்வி: 12 மில்லிமீட்டர் மர மணியின் மேல் 11ஆம் எண் பாசிமணிகளை (எண் கூடினால் மணி சிறியது) வைத்து பியோட் பின்னல், அதாவது முந்தைய சுற்றின் இடைவெளிகளில் அடுத்த சுற்றின் மணிகள் உட்காரும் பின்னல், போட்டு அலங்கார மணி செய்து பார்க்கிறேன். நடுப்பகுதி தொளதொளவென்று சுழல்கிறது. துளைப் பக்கம் போகப் போக மணிகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறிப் புடைக்கின்றன. நூல் வேறு அறுந்துவிடுகிறது. இன்னும் இறுக்கி இழுக்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். நூல் அறுவதற்கே அந்த இழுப்புதான் காரணமாக இருக்கலாம். தொளதொளப்பு பெரும்பாலும் கையில் இல்லை, முதல் வளையத்தின் எண்ணிக்கையில் இருக்கிறது.

11ஆம் எண் மணிகளை வரிசையாகக் கோர்த்து அளந்தால் ஓர் அங்குலத்துக்கு ஏறக்குறைய 18 வரும். அதாவது ஒரு மணி 1.4 மில்லிமீட்டர் இடம் பிடிக்கும். நூல் மர மணியின் தோலில் ஓடுவதில்லை, பாசிமணியின் நடுவே ஓடுகிறது. அதனால் விட்டத்தை 12 என்று எடுக்காமல் 14 என்று எடுங்கள். சுற்றளவு 44, அதை 1.4-ஆல் வகுத்தால் 31. சுற்று சிக்கலில்லாமல் முடிய இரட்டைப்படை எண் வேண்டும், ஆகவே 30 அல்லது 32. எதை எடுப்பது என்பதைக் கணக்கு சொல்லாது, உங்கள் மணிகள்தான் சொல்லும். 30 மணியைக் கோர்த்து மர மணியின் நடுவில் சுற்றிப் பாருங்கள். இடைவெளி தெரிந்தால் இரண்டைக் கூட்டுங்கள். மூன்றாம் சுற்று முடிந்ததும் மர மணியை விரலால் உருட்டுங்கள். வளையம் வழுக்கி நகர்ந்தால் பிரித்துவிட்டு இரண்டைக் குறையுங்கள். அப்போது பிரிப்பது சுலபம், பத்தாவது சுற்றில் பிரிப்பது அழுகை.

துளையிலிருந்து தொடங்குகிறவர்களும் உண்டு. நான் நடுவிலிருந்து தொடங்குவதையே சொல்வேன். நூலின் பாதியை வாலாக விட்டுவைத்தால் மறுபாதிப் பந்துக்கு அது ஆகும். மர மணியை ஒரு பல்குச்சியில் செருகிக்கொண்டால் பிடிக்க வாகாக இருக்கும்.

சரி, புடைப்புக்கு வருவோம். மர மணி குறுகுகிறது, உங்கள் எண்ணிக்கை குறையவில்லை, அவ்வளவுதான். பந்து சரியத் தொடங்கும் இடத்தில் ஓரிரு சுற்றுகளை 15ஆம் எண் மணியில் போடுங்கள். அது 11ஆம் எண்ணைவிடச் சிறியது, பின்னல் தானாக உள்ளே வளையும். அதற்கும் மேல் போனால் குறைக்க வேண்டும். மணி எதுவும் எடுக்காமல் ஊசியை அடுத்தடுத்து மேலே நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு மணிகள் வழியாக நேராகக் கடத்துங்கள். அந்த இடத்தில் நூல் மட்டும் தெரியும். அடுத்த சுற்றில் அந்த இடைவெளிக்கு மேல் ஒரே ஒரு மணியை உட்கார வையுங்கள். குறைப்புகளைச் சம தூரத்தில் பிரித்துப் போடாவிட்டால் பந்து ஒரு பக்கம் சாயும். கடைசி வளையம் துளையை மூடிவிடாமல் அதன் விளிம்போடு நிற்கட்டும். மூடிவிட்டால் பிறகு மாலையில் கோர்க்க ஊசி நுழையாது.

அறுந்த நூலை எடுத்து முனையைப் பாருங்கள். பஞ்சுபோல் பிரிந்திருந்தால் மணித்துளையின் விளிம்பு அரம்போல் தேய்த்திருக்கிறது. குழல் மணிகளிலும் முகம் வெட்டிய மணிகளிலும் இது சகஜம். நூலை மேல்நோக்கி வெடுக்கென்று இழுக்காமல் துளை போகும் திசையிலேயே இழுங்கள். சாதாரண நைலான் நூலானால் தேன்மெழுகில் ஒரு தடவை இழுத்துக்கொள்ளுங்கள். மீன்பிடி நூல் வகையான ஃபயர்லைன், 0.15 மில்லிமீட்டர் தடிமன் உள்ளது, இன்னும் தாங்கும். 15ஆம் எண் மணிக்கு 12ஆம் எண் ஊசி. அதைவிடத் தடித்த 10ஆம் எண் ஊசியைத் திணித்தால் மணியே உடையும்.

நீங்கள் கேட்காத ஒன்று: ஒளி ஊடுருவும் மணிகளானால் மரத்தின் பழுப்பு உள்ளிருந்து தெரிந்து நிறத்தை மங்கடிக்கும். முதலில் மர மணிக்கு அக்ரிலிக் வண்ணம் பூசி நன்றாகக் காயவிடுங்கள்.

மர மணியே வேண்டாம் என்றால் 4 மில்லிமீட்டர் உருண்டை மணிகள் 30 போதும். ஐந்து ஐந்தாக வளையம் போட்டு, பக்கத்து வளையங்கள் ஒரு மணியைப் பகிரும்படி பின்னினால் 12 வளையங்களில் உருண்டை மூடிக்கொள்ளும். விட்டம் ஏறக்குறைய 17 மில்லிமீட்டர். அமுங்குகிறது என்றால் மூடுவதற்கு முன் உள்ளே 8 மில்லிமீட்டர் மணி ஒன்றைப் போட்டு, அதன் துளை எதிரெதிர் வளையங்களுக்கு நேராக இருக்கும்படி திருப்பி வையுங்கள். நூலை முடிச்சுப் போட்டு வெட்டாதீர்கள். நாலைந்து மணிகள் வழியாகத் திசை மாற்றி மாற்றி ஓட்டிவிட்டு ஒட்ட நறுக்குங்கள்.