பஸ் ஓட்டிக்கொண்டே எழுதியவர்

லண்டனில் ஏ-லெவல் (நம்மூர் பிளஸ் டூ மாதிரி) படிக்கும் உங்கள் மகள், சட்டம் வேண்டாம், டிவி தொடர்களுக்குக் கதை வசனம் எழுதப் போகிறேன் என்று சொன்னதிலிருந்து தூக்கமே இல்லை என்று எழுதியிருந்தீர்கள். பயம் நியாயமானதுதான் அம்மா. அந்தத் தொழிலில் பெரும்பாலும் மாதச் சம்பளம் கிடையாது, எழுதிக் கொடுத்த எபிசோடுக்குத்தான் காசு. ஆனாலும் மறுப்பதற்கு முன், பிரிட்டிஷ் டிவி தொடர்களுக்கு எழுதிப் பெயர் வாங்கிய சாலி வெயின்ரைட் வந்த வழியைக் கொஞ்சம் பாருங்கள்.

1963-இல் ஹடர்ஸ்ஃபீல்டில் பிறந்தவர். யார்க் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் படித்தார். படித்து முடித்த பிறகு பஸ் ஓட்டினார், ஓட்டிக்கொண்டே எழுதினார். எடின்பரா கலை விழாவுக்குக் கொண்டுபோன ஒரு நாடகத்தால், எழுத்தாளருக்கு வாய்ப்புத் தேடித் தரும் முகவர் ஒருவர் கிடைத்தார், 24 வயதில் பிபிசி வானொலியின் ‘தி ஆர்ச்சர்ஸ்’ தொடரில் எழுத இடமும் கிடைத்தது. அப்புறம்தான் பஸ் வேலையை விட்டார். இந்த வரிசையை மகளிடம் அவசியம் சொல்லுங்கள்.

எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அடுத்து வந்த வருடங்கள். 1994 முதல் 1999 வரை ‘கொரோனேஷன் ஸ்ட்ரீட்’டில் எழுதினார். 1960-இலிருந்து ஓடும் தொடர் அது, பாத்திரங்கள் யாரோ எப்போதோ படைத்தவை, கதைப்போக்கை எழுத்தாளர்கள் எல்லாரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து வாதாடி முடிவு செய்வார்கள், அதில் உங்கள் பங்குக்கு வரும் எபிசோடைக் குறித்த நாளுக்குள் எழுதித் தர வேண்டும், திருத்தச் சொன்னால் திருத்த வேண்டும். கே மெல்லர் என்ற மூத்த எழுத்தாளர் சொந்தமாக எழுதச் சொல்லி ஊக்கப்படுத்தினார். சாலி தனியாக உருவாக்கிய தொடர் 2000-இல் வந்தபோது அவருக்கு வயது முப்பத்தைந்தைத் தாண்டிவிட்டது. தான் வளர்ந்த கால்டர் பள்ளத்தாக்கையே களமாக்கி எழுதிய ‘ஹேப்பி வேலி’ 2014-இல் வந்து, மறு வருடம் பிரிட்டனின் பாஃப்டா விருதை வாங்கியது.

ஆகவே மகள் சட்டம் படிக்கிறாளா ஆங்கிலம் படிக்கிறாளா என்பதில் இப்போதே சண்டை வேண்டாம். தயாரிப்பாளர்கள் கேட்பது ஸ்கிரிப்டை, பட்டத்தை இல்லை. முகவர் இல்லாதவர்களும் அனுப்புவதற்கு பிபிசியே அவ்வப்போது வாய்ப்புத் தருகிறது. இந்தக் கோடை விடுமுறைக்குள் ஒரு மணி நேர ஸ்கிரிப்ட் ஒன்றை முழுசாக முடிக்கச் சொல்லுங்கள். முதல் காட்சியை மட்டும் பத்து விதமாக எழுதி வைத்திருக்கும் பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் முழுசாக என்கிறேன். முடித்ததும் எனக்கு அனுப்பட்டும், கடைசிப் பக்கம் வரை படிக்கிறேன். அதைக் கையில் வைத்துக்கொண்டு, பல்கலைக்கழகத்தில் சேர அனுப்பும் யூகாஸ் விண்ணப்பத்தில் என்ன போடுவது என்று மூன்று பேரும் உட்கார்ந்து பேசலாம்.