உச்சியில் நின்று விலகிய ஆஷ் பார்ட்டி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: உலகத் தரவரிசையில் முதலிடத்தில் இருக்கும்போதே, 25 வயதில் ஆஷ்லி பார்ட்டி டென்னிஸை விட்டுவிட்டார். போராடாமல் ஒதுங்கிக்கொண்டார் என்றே எனக்குப் படுகிறது. மெல்பேர்னில் இருக்கும் அண்ணாவுடன் இதைப் பற்றிப் பேச்செடுத்தாலே சண்டைதான். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
- வாசகி, வெள்ளவத்தை

பதில்: நான் உங்கள் அண்ணாவின் கட்சி, தங்கச்சி.

பார்ட்டி விலகியது அதுதான் முதல் தடவை என்று எண்ணினால் உங்களுக்கு அப்படித்தான் தோன்றும். 2011இல், 15 வயதில் விம்பிள்டன் கனிஷ்ட பட்டத்தை வென்ற பிள்ளை அவர். அன்றிலிருந்து அவுஸ்திரேலியாவின் எதிர்பார்ப்பு முழுவதும் அந்தச் சின்னத் தோளில் ஏறிக்கொண்டது. 2013இல் கேசி டெலாகுவாவுடன் சேர்ந்து மூன்று கிராண்ட் ஸ்லாம் இரட்டையர் இறுதியாட்டங்களில் ஆடினார். வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு எல்லாம் நன்றாகவே நடந்துகொண்டிருந்தது. வீட்டைப் பிரிந்து ஊர் ஊராகத் திரிந்த அவருக்குத்தான் தெரியும், ஆட்டத்தில் இருந்த ஆசை வற்றிக்கொண்டிருந்தது. 2014 அமெரிக்கப் பகிரங்கப் போட்டிக்குப் பிறகு நிறுத்திவிட்டார். அப்போது வயது 18.

அடுத்து அவர் செய்தது நம் நாட்டவருக்கு உடனே புரியும்: கிரிக்கெட் ஆடப் போனார். அவுஸ்திரேலியாவின் இருபது ஓவர் கிரிக்கெட் தொடரான மகளிர் பிக் பாஷின் முதல் பருவத்தில் பிறிஸ்பேன் ஹீட் அணிக்காக இறங்கி, முதல் ஆட்டத்திலேயே 27 பந்துகளில் 39 ஓட்டங்கள் எடுத்தார். பின்னாளில் 2023இல் நம் சமரி அத்தபத்து தொடரின் சிறந்த வீராங்கனையாகத் தெரிவான அதே பிக் பாஷ்தான். தனி ஆட்டத்தில் மூச்சுத் திணறியவருக்கு அணியில் பத்துப் பேருடன் சேர்ந்து சிரிக்கும் வாய்ப்புக் கிடைத்தது. அதன் பின்னர், 2016இல், யாரும் இழுத்து வராமல் தானாகவே டென்னிஸுக்குத் திரும்பினார்.

திரும்பியவர் வென்றவற்றைப் பாருங்கள்: 2019இல் பிரெஞ்சுப் பகிரங்கம், 2021இல் விம்பிள்டன், 2022இல் அவுஸ்திரேலியப் பகிரங்கம். மெல்பேர்னில் நடந்த அந்த அவுஸ்திரேலியப் பகிரங்க இறுதியாட்டத்தை நான் எழுந்து நின்றே பார்த்தேன். இரண்டாவது செட்டில் டேனியல் கொலின்ஸ் 5-1 என முன்னிலை பெற்றிருந்தார். செட் போய்விட்டது என்றுதான் எவரும் நினைத்திருப்பார்கள். பார்ட்டி ஒவ்வொரு கேமாகப் பிடித்து வந்து, செட்டைத் தீர்மானிக்கும் டை பிரேக்கரில் 7-2 என முடித்தார். எப்போதும் அடக்கமாக இருப்பவர் அன்று வாய் திறந்து கர்ச்சித்தார். சொந்த மண்ணில் அவுஸ்திரேலியர் ஒருவர் ஒற்றையர் பட்டம் வென்று அப்போது 44 ஆண்டுகள் ஆகியிருந்தன. கிண்ணத்தைக் கையளித்தவர் அவருடைய வழிகாட்டியான ஈவோன் கூலகொங். பழங்குடி மரபில் வந்த இரண்டு சம்பியன்கள் ஒரே மேடையில் நின்றார்கள்.

இரண்டு மாதம்கூட ஆகவில்லை, மார்ச் 23ஆம் திகதி ஓய்வை அறிவித்தார். பழைய தோழி டெலாகுவாவின் பக்கத்தில் அமர்ந்து பேசிய காணொளி அது. உச்சத்தில் நிற்பதற்கு வேண்டிய உழைப்பைக் கொடுக்க உடலிலும் மனதிலும் இனி எதுவும் மிச்சமில்லை என்பதை ஒளிக்காமல் சொன்னார். 2021இல் மார்ச் முதல் செப்டெம்பர் வரை வீட்டுப் பக்கமே போகாமல் ஆடியவர் என்பதையும் சேர்த்து யோசியுங்கள். 5-1 என்ற நிலையிலிருந்து மீண்டு வந்தவருக்குப் போராடத் தெரியாது என்று எப்படிச் சொல்வது? முழங்கால் தேய்ந்து, முதல் சுற்றிலேயே தோற்று, பத்திரிகைகள் இரக்கப்படத் தொடங்கிய பிறகு விலகினால்தான் நாம் அதை முறையான ஓய்வு என்று ஒப்புக்கொள்கிறோம். ஒரு பெண் தன் வாழ்க்கையைத் தானே தீர்மானிக்க அவ்வளவு சேதப்பட வேண்டுமா?

கேள்வி: ஜஸ்டின் ஹெனினைப் போல் பார்ட்டியும் மீண்டும் ஆட வருவாரா?
- வாசகர், தெஹிவளை

பதில்: வர மாட்டார் என்றே நினைக்கிறேன். பெல்ஜிய வீராங்கனை ஹெனினும் 2008 மே மாதம் முதலிடத்தில், அதே 25 வயதில்தான் விலகினார். 2010இல் திரும்பினார், முழங்கைக் காயம் 2011 தொடக்கத்தில் அவரை மறுபடி வீட்டுக்கு அனுப்பியது. பார்ட்டியின் 'திரும்பி வருதல்' 2016இலேயே நடந்து முடிந்துவிட்டது. இப்போது அவர் ஒரு தாய். வென்றே ஆக வேண்டிய கிண்ணம் என்று அவர் மனதில் வைத்திருந்தது விம்பிள்டன், அதுவும் கைக்கு வந்துவிட்டது.

கேள்வி: என் மகளுக்கு 15 வயது, பாடசாலை அணியில் ஆடுகிறாள். அடுத்த வருடம் சாதாரண தரப் பரீட்சை. திடீரென்று இனி டென்னிஸே வேண்டாம் என்கிறாள். இத்தனை வருடம் செலவழித்ததை நினைத்தால் வயிறு எரிகிறது. கட்டாயப்படுத்தலாமா?
- ஒரு தாய், கொட்டாஞ்சேனை

பதில்: வேண்டாம் அம்மா. செலவழித்த காசு செலவழிந்ததுதான், பிள்ளையை அழவைத்து அதைத் திரும்பப் பெற முடியாது. ஆனால் அவள் எதை வெறுக்கிறாள் என்பதைக் கண்டுபிடியுங்கள். ஆட்டத்தையா, போட்டியையா, பயிற்றுநரின் ஏச்சையா? மூன்றும் வேறு வேறு.

கொழும்பு கிறீன் பாத் களிமண் டென்னிஸ் தளங்களில் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்த காலத்தில் மாலை மழைதான் எனக்கு இதைக் காட்டிக்கொடுத்தது. ஆட்டமே கசந்துபோன பிள்ளை முதல் தூறலிலேயே பையைக் கட்டிவிடுவாள். போட்டிக்கு மட்டும் பயந்தவள், மழை விட்டதும் கோடுகளில் ஒட்டிய மண்ணைக் கூட்டத் தும்புத்தடியுடன் முதலில் ஓடுவாள். உங்கள் மகள் இரண்டாவது வகை என்றால் போட்டிகளை நிறுத்தி, சனிக்கிழமைகளில் தோழிகளுடன் சும்மா ஆட விடுங்கள். முதல் வகை என்றால் பரீட்சை முடியும்வரை டென்னிஸ் என்ற பேச்சே வீட்டில் வேண்டாம், அவளுடைய அப்பாவிடமும் சொல்லிவையுங்கள்.

கேள்வி: பார்ட்டியின் ஆட்டத்தில் நாங்கள் பார்த்துப் பழக வேண்டியது எது?
- மாணவி, பம்பலப்பிட்டி

பதில்: சந்தேகமே இல்லை, புறங்கைப் பக்கத்தில் ஒற்றைக் கையால் பந்தைச் சீவி அடிக்கும் அந்த பேக்ஹாண்ட் ஸ்லைஸ்தான், பிள்ளை. பந்து நிலத்தில் பட்டதும் எழும்பாமல் வழுக்கிக்கொண்டு போகும். 2021 விம்பிள்டன் இறுதியாட்டத்தில் 1.86 மீற்றர் உயரமான கரோலினா பிளிஸ்கோவா அதற்காக மறுபடி மறுபடி குனிய வேண்டியிருந்தது. அந்த ஆட்டத்தின் முதல் 14 புள்ளிகளையும் பார்ட்டியே எடுத்தார். அவர் உயரம் 1.66 மீற்றர்தான், ஆகவே உயரம் குறைவு என்று நீ கவலைப்படாதே.

பழகும்போது தோளை நன்றாகத் திருப்பி, பக்கவாட்டில் நில். ரக்கெட் மேலிருந்து இறங்கினாலும் அதன் போக்கு முன்னோக்கியே இருக்க வேண்டும். நம் பிள்ளைகள் பெரும்பாலும் கோடரி போடுவதுபோல் கீழே வெட்டிவிடுகிறார்கள், பந்து மிதந்து போய் எதிராளிக்கு விருந்தாகிறது. அடிக்கும் அதே கணத்தில் இடது கை பின்னால் போனால்தான் உடல் சுழலாமல் நிற்கும். முதல் ஒரு மாதம் வேகமே வேண்டாம், பந்து வலைக்கு எவ்வளவு நெருங்கித் தாண்டுகிறது என்பதை மட்டும் பார்.